செங்கலடியிலிருந்து கால்நடையாக

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதியில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரத்தில், ஏறாவூரை அடுத்து இருப்பது செங்கலடிச் சந்தி. அங்கிருந்து மேற்கே பிரியும் பாதையை ஊரார் பதுளை வீதி என்பர். கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை எனக் காடும் மேடும் கடந்து, பதுளைக்கு ஏறி, நுவரெலியா வழியே பேராதனையை எட்டும் நெடுஞ்சாலை அது. இந்தச் சந்தியைப் பேருந்து மாறும் இடமாக அறிந்தவர் பலர். காலை வேளையில் இங்கு இறங்கி, மூன்று மணி நேரம் மெல்ல நடந்தால் என்னென்ன காணலாம் என்பதை அறிந்தவர் சிலரே.

பழந்தமிழர் நிலத்தை ஐந்து திணைகளாக வகுத்தனர். அவற்றுள் நெய்தல், மருதம், முல்லை என்னும் மூன்றையும் ஒரே காலையில் கால்நடையாகக் கடக்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. செங்கலடி அவற்றுள் ஒன்று. கிழக்கே கடலை அடுத்த மணல் நிலம், நடுவே வாவியும் வயலும், மேற்கே காடு. வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையை படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் வழங்குகின்றனர். ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. திசை காட்டும் கருவி எதுவுமின்றி வழி சொல்லும் பெயர்கள் இவை.

ஊர்ப்பெயர்களும் அவ்வாறே. இலுப்படிச்சேனை என்னும் பெயரில் இலுப்பை மரமும் இருக்கிறது, காடு வெட்டிச் சுட்டுப் பயிரிட்ட சேனையும் இருக்கிறது. மாவடிவேம்பில் இரண்டு மரங்கள். மயிலம்பாவெளியில் மயிலின் பெயர். கரடியனாற்றின் பெயரைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று அந்த இலுப்பை எங்கே நிற்கிறது என்று கேட்டால், ஊரில் முதியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும்.

சந்தியிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தாற் கறுத்தப்பாலம் வருகிறது. இங்கு நின்றாற் பரந்த நீர்ப்பரப்பு கண்ணுக்கு எட்டும். மட்டக்களப்பு வாவி இப்பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலோடு அதற்குள்ள தொடர்பு இரண்டு இடங்களில்: நகருக்கு அண்மையில் பாலமீன்மடு, தெற்கே பெரிய கல்லாறு. வறண்ட காலத்தில் இம்முகத்துவாரங்களை மணற்றிட்டு மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாரிமழை கொட்டி, ஆறுகள் பெருகி வரும்போது, திட்டை நீர் உடைக்கும். சில வேளைகளில் மனிதர் வெட்டி விடுவர். ஆகவே வாவி நீர் ஓராண்டிலே நன்னீராகவும் உவர்நீராகவும் மாறிமாறி இருக்கும். இந்த மாற்றத்தைத் தாங்கக்கூடிய உயிர்களே இங்கு நிலைக்கின்றன.

அவற்றுட் கண்டல் மரங்கள் தலையாயவை. சேற்றிற் காற்று இல்லை. வேர் மூச்சுவிட வேண்டும். கண்ணா மரம் தன் வேர்களைப் பென்சில் நட்டாற்போல் மேல்நோக்கி நீட்டிக் காற்றை வாங்குகிறது. கண்டல் தண்டிலிருந்தே விழுது போன்ற வேர்களை வளைத்து ஊன்றிக்கொள்கிறது. அதன் வித்து தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீண்டு, பின்னரே கீழே விழுகிறது. தில்லை மரத்தைக் காண்போர் கண்டு மட்டும் செல்லவேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு. இம்மரங்களின் வேர்களுக்கிடையேதான் இறாலும் மீன்குஞ்சும் பருந்துக்கும் பெருமீனுக்கும் தப்பி வளர்கின்றன. கண்டலை வெட்டிய கரையில் மீன் குறைகிறது என்று வலைஞர் சொல்வது வெறும் மனக்குறை அன்று. போர்க் காலத்திற் பாதுகாப்பின் பெயரால் வெட்டப்பட்டவை உண்டு. இறாற் பண்ணைக்காக அழிந்தவையும் உண்டு. 2015 ஆம் ஆண்டில் இலங்கை தன் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்க முன்வந்த முதல் நாடு என்று உலகிற் பேசப்பட்டது. ஆனால் ஒரு மரம் நிற்பதும் விழுவதும் கரையில் வாழ்வோர் கையில்தான் பெரிதும் இருக்கிறது.

பாலத்தைக் கடந்து வயல்வெளிக்குள் இறங்கும் வரம்புகளே இந்த நடையின் மிக இனிய பகுதி. பெரும்போக விதைப்பு முடிந்து நீர் தேங்கி நிற்கும் மார்கழி, தை மாதங்களில் வருவோருக்குப் பறவைகள் குறைவில்லை. அலகு முழுவதும் மூடாமல் நடுவே இடைவெளி விட்டு நிற்கும் நத்தைகுத்தி நாரை, சேற்றைத் துழாவி நத்தையைப் பற்றி, ஓட்டை உடையாமலே சதையை இழுத்தெடுக்கும் வித்தை பார்க்கத் தகுந்தது. அல்லியும் தாமரையும் படர்ந்த மடுக்களில் இலைக்கோழி நீண்ட விரல்களை விரித்து இலைமேல் நடக்கும். முட்டையை அடைகாப்பது அதன் ஆண்பறவை; பேடு வேறு துணை தேடிப் போய்விடும்! ஆட்காட்டியோ வந்தவர் பகைவரா நண்பரா என்று பாராமல், ஊரைக் கூட்டிக் கத்தும். வெறுந்தரையில் முட்டையிடும் பறவைக்கு வேறு காவல் ஏது? வரம்பில் அது தலைக்குமேற் சுற்றிச்சுற்றிக் கத்தினால், நடப்போர் காலடியைப் பார்த்து ஒதுங்கிச் செல்வது நல்லது.

இக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் உள்ளான்களும் வாத்துகளும் சித்திரை வரை தங்கிப் போகும்.

வைகாசிக்குப் பின் காட்சி மாறிவிடும். மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கும் தென்மேல் காற்று இங்கே வெப்பக் காற்றாக வீசுகிறது. இதுவே கச்சான். கச்சான் என்றதும் வறுத்த நிலக்கடலையை நினைப்போர் உளர். அதுவும் வழிநடைக்கு உதவுவதே. ஆனால் காற்றான கச்சான் நண்பகலில் மனிதரை வாட்டிவிடும். அக்காலத்தில் ஒன்பது மணிக்குள் நிழலை அடைந்துவிட வேண்டும்.

அந்த நிழல் மேற்கே உண்டு. பன்குடாவெளி, இலுப்படிச்சேனை தாண்டினால், பாலை, வீரை, முதிரை முதலிய வன்மரங்கள் நிற்கும் காடு தொடங்குகிறது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். தாத்தா கண்ட மரத்தைப் பேரன் காணும்போது அது சற்றே பருத்திருக்கும், அவ்வளவுதான். கச்சான் காலத்திலே அதன் மஞ்சட்பழம் பழுக்கிறது. சந்தையில் சுண்டுக் கணக்கில் விற்கும் அப்பழத்தைத் தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆயினும் தின்றவர் விடுவதில்லை. கரடிக்கும் அது பெருவிருப்பம். கரடியனாற்றின் பெயர்க் காரணத்தை இந்த மரத்தின் உச்சியிலே தேடலாம்போலும். இன்று அருகிவரும் விலங்குகளில் ஒன்றாகிவிட்டது இலங்கைக் கரடி.

வானம் தெளிந்த நாளில் வடமேற்கே குடும்பிமலை தெரியும். 534 மீற்றர் உயரமுள்ள அதன் முடியைக் கண்ட ஆங்கிலேயர் 'பாரனின் தொப்பி' என்றனர். நம்மவர் கண்ணுக்கு அது குடும்பியாகத் தெரிந்தது. தலையில் இருப்பதைத்தானே மலையிலும் காண்பர்!

இவ்வழிகள் எல்லாம் எக்காலத்திலும் திறந்திருந்தவை அல்ல. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி இம்மாவட்டத்துத் தென்னைகளையும் பெருமரங்களையும் வீழ்த்தியது. அதன்பின் வந்த போர் ஆண்டுகளிற் படுவான்கரைக் காட்டுக்கு விறகுக்கும் தேனுக்கும் சென்றவர் அஞ்சியஞ்சியே சென்றனர். நிலத்தில் வெடி புதைந்திருந்தது. கண்ணிவெடிகளை ஒவ்வொரு முழமாகத் தேடி அகற்றிய நெடும்பணியின் பின், 2017 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு கண்ணிவெடி நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் காட்டைக் கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்தனர். பாலைப்பழத்தைச் சந்தையிற் கண்டு மரத்தைக் காணாத இளைஞர் இங்கு இருப்பது இதனாலேயே. அறியாத உலோகப் பொருள் எதையும் இன்றும் தொடாதிருப்பதே முறை.

இப்போதைய அச்சம் வேறு. பதுளை வீதியின் இருமருங்கும் யானைகள் வயலுக்கு வருகின்றன. அவற்றாலும் உயிர் போகிறது, அவையும் மடிகின்றன. எனவே நன்றாக வெளுத்த பின்னரே காட்டோரம் செல்லவேண்டும். பிற்பகல் சாயுமுன் வீதிக்குத் திரும்பிவிட வேண்டும். ஊரவர் ஒருவர் உடன் வராமற் காட்டுக்குள் இறங்கலாகாது. புதிய இலத்தி கண்டால், பார்த்தது போதும் என்று திரும்புவதில் வெட்கமில்லை. குளக்கரையிலும் வாவிக்கரையிலும் முதலை உண்டு. களைத்த காலை நீரில் நனைக்கும் ஆசையை வீட்டுக் கிணற்றடி வரை ஒத்திவைத்தல் வேண்டும்.

முதன்முறை வருவோர், சிறுவரை அழைத்து வருவோர், கறுத்தப்பாலம் வரை சென்று வயல்வரம்பிற் சற்று உலாவித் திரும்பினாற் போதும். ஒரு தொப்பி, ஒரு போத்தல் தண்ணீர், காலைச் சேறு பற்றாத செருப்பு ஆகியவற்றுக்கு மேல் அதற்கு ஒன்றும் வேண்டாம். மரத்தின் பெயர் தெரிந்த ஒரு முதியவர் கூட வந்தால், நடை இருமடங்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் நின்றுவிடுவார்.