சோலையும் வெட்டவெளியும்



மார்கழி விடியற்காலையில் நீலகிரி மேட்டு நிலத்தில் திறந்த புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். பக்கத்துச் சோலைக்குள் நுழைந்தால் தரையில் உறைபனி இராது. இரவில் வெட்டவெளி தன் உஷ்ணத்தை வானத்திற்கு இழந்துவிடுகிறது. சோலையிலோ மரக்கூரை அதனைத் தடுத்து நிறுத்துகிறது. வெட்டிய சோலை எளிதில் திரும்பி வளராததற்கு, இளங்கன்றுகளைக் கருக்கும் இந்த உறைபனியும் ஒரு காரணம் என்று தாவர நூலோர் கருதுகின்றனர்.

பகலில் நிலைமை நேர்மாறு. அடர்ந்த மழைக்காட்டில் வெயிலின் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே தரையைத் தொடும். இலைகள் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும். உலகின் பல காடுகளில் எடுத்த அளவுகளைத் திரட்டி 2019-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதன்படி, காட்டினுள் பகலின் உச்ச உஷ்ணம் வெளியைவிடச் சராசரி 4 டிகிரி செல்சியஸ் குறைவு. இரவின் குறைந்த உஷ்ணம் ஒரு டிகிரி அதிகம்.

"பத்து ஏக்கரில் இரண்டு ஏக்கர்தானே வெட்டுகிறோம், எட்டு மிஞ்சுமே" என்பார் உண்டு. கணக்கு அப்படி அமைவதில்லை. பிரேசில் நாட்டில் மனௌஸ் நகருக்கு வடக்கே, மேய்ச்சல் நிலங்களுக்கிடையே விடப்பட்ட காட்டுத் துண்டுகளை 1979 முதல் ஆராய்ந்து வருகின்றனர். வெளியின் வெப்பமும் வறட்சியும் காற்றும் ஓரத்தின் வழியே உள்ளே புகுந்தன. ஓரத்திலிருந்து நூறு மீட்டருக்குள் பெரிய மரங்கள் மிகுதியாகப் பட்டுப்போயின. பத்து ஏக்கர்ச் சதுரம் என்பது பக்கத்துக்கு ஏறக்குறைய இருநூறு மீட்டர். நாற்புறமும் வெளியாகிவிட்டால், அது முழுவதும் ஓரமே. உட்காடு என்று ஒன்றும் மிஞ்சாது!

ஒரு மரம் சாய்ந்து உண்டாகும் இடைவெளி வேறு. அங்கே உச்சிவேளையில் மட்டும் வெயில் விழும். கன்றுகள் எழுந்து அதனை மூடிவிடும்.

நிழலே வேண்டியதெல்லாம் என்று நான் சொல்லவில்லை. மிகு நிழலில் காப்பி சரிவரப் பூக்காது. ஆதலால் தாண்டிக்குடிப் பகுதி போன்ற மலைத் தோட்டங்களில் கிளைகளைக் கழித்து நிழலைச் சீர்செய்கிறார்கள். மரத்தை அடியோடு வெட்டுவதில்லை.

உங்கள் ஊர்த் தோப்பிலேயே சோதித்துப் பாருங்கள். தோப்பின் நடுவில் ஒன்றும், வெளியே நேர் வெயில் படாதவாறு ஓலைத் தட்டியின் கீழ் ஒன்றுமாக இரண்டு உஷ்ணமானிகளைத் தொங்கவிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கும் விடியுமுன்னும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். மரம் வெட்டும் தீர்மானம் வரும் நாளில் அந்த ஏட்டைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.