ஒரே சஹனில் அமரட்டும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. பிறக்கும் முன்பே தந்தையை இழந்து, பின்னர் யதீம்களின் பாதுகாவலராகத் திகழ்ந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

யதீம்களை ஆதரிப்பதன் சிறப்பை மிம்பர் மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். யதீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எத்துணை நெருக்கமாக இருப்பார் என்பதை, நபி (ஸல்) அவர்கள் தம் இரு விரல்களைக் காட்டி விளக்கிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த ஹதீஸ் அது. அதனால்தான் யதீம்கானாக்களுக்கு அரிசி மூட்டைகள் வருகின்றன. பெருநாள் நெருங்கினால் புத்தாடைகள் வருகின்றன. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் இன்று நான் பேச வந்தது அரிசியைப் பற்றியன்று. அந்த இல்லத்துக்குள் வாழும் பிள்ளைகளுக்கிடையே நாம் உண்டாக்கும் மேல், கீழ் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாள், ஓர் இல்லத்தில் ஆடை வழங்க என்னை அழைத்திருந்தார்கள். நல்ல துணி குறைவாகவும், சாதாரணத் துணி அதிகமாகவும் வந்திருந்தது. "தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைகள் முதலில் வாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் அழைத்தவன் நானே. நீதமாக நடப்பதாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் எழுந்தான். பாதி தூரம் வந்தான். திரும்பிப் போய் அமர்ந்துகொண்டான். நிகழ்ச்சி முடிந்தபின் அங்கே சமையல் செய்யும் மூதாட்டி என்னருகே வந்து, "ஹஜ்ரத், தன் தாய் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஊரார் முன்னிலையில் கேட்டுவிட்டீர்களே" என்றார். ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதிய எனக்கு அந்த அம்மையார்தான் அன்று பாடம் நடத்தினார்.

யதீம்களின் பொருளை அநியாயமாக உண்போர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற கருத்தில் ஸூரா அந்நிஸாவின் 10ஆவது வசனம் இறங்கியபோது ஸஹாபாக்கள் நடுங்கிப்போயினர். தம் பொறுப்பிலிருந்த யதீம்களின் உணவையும் பானத்தையும் தனியே பிரித்து வைத்தனர். யதீம் உண்டு மிஞ்சியதை வேறெவரும் தொடவில்லை, அது கெட்டுப்போயிற்று. இது பெருஞ்சிரமமாகவே நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். அப்பொழுதுதான், அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே என்று அறிவிக்கும் ஸூரா அல்பகராவின் 220ஆவது வசனம் அருளப்பட்டது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

சற்றுச் சிந்தியுங்கள். ஸஹாபாக்கள் பிரித்தது ஆணவத்தாலன்று, பேணுதலால். பேணுதலால் வந்த அந்தப் பிரிவையும் அல்லாஹ் நீடிக்க விடவில்லை. நாமோ எந்தப் பேணுதலுமின்றியே பிரிக்கிறோம்! நால்வர், ஐவர் சுற்றியமர்ந்து ஒரே சஹனில் உண்பதை நம் கடற்கரை ஊர்களின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வலீமா விருந்துக்கு யதீம்கானாப் பிள்ளைகள் வந்தால் மட்டும் பந்தலின் ஓரத்தில் ஒரு தனி வரிசை. ஒரு சஹனில் அப்பிள்ளைகள் இருவரையும் நம் உறவினர் மூவரையும் சேர்த்து அமர்த்தினால் எந்தச் சோறு குறைந்துவிடும்?

வெளியே நாம் செய்வது இல்லத்துக்குள்ளும் நுழைகிறது. வசதி படைத்தோர் பார்வையிட வந்தால் கிராஅத் ஓத எழுப்பப்படுவது பெரும்பாலும் அதே ஒரு பிள்ளைதான். சிவந்த நிறமும் திருத்தமான உச்சரிப்பும் உள்ள பிள்ளை. வீட்டில் உருது பேசி வளர்ந்தவனைத் தமிழ்ப் பிள்ளைகள் கேலி செய்வர். வேறோர் இல்லத்தில் இது தலைகீழாக நடக்கும். புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பழைய சாதியே பட்டப்பெயராகிவிடுவதுண்டு. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழித்துப் பேசியபோது, இன்னும் அறியாமைக்காலத்துக் குணம் உம்மிடம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதரைப் போன்ற பெரும் ஸஹாபிக்கே அந்தக் கண்டிப்பு என்றால் நம் விடுதிக் காப்பாளர் எம்மாத்திரம்?

உஸாமாவை நினைத்துப் பாருங்கள். தந்தை ஸைது (ரலி) விடுதலை பெற்ற அடிமை. தாய் உம்மு ஐமன் (ரலி) அபிசீனியப் பெண்மணி. கறுத்த நிறத்தவரான அந்த உஸாமாவைத் தம் ஒரு தொடையிலும், அருமைப் பேரர் ஹஸனை மறு தொடையிலும் அமர்த்தி அணைத்துக்கொண்டு, இருவருக்காகவும் ஒரே துஆவைக் கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். இதுவும் புகாரியில் உள்ளதுதான். மடியில் ஹஸனுக்கென்று கூடுதலாக ஒரு விரற்கடை இடமும் ஒதுக்கப்படவில்லை. பிற்காலத்தில், ஹிஜ்ரி 11இல், மூத்த ஸஹாபாக்கள் இடம்பெற்ற படைக்கு அந்த உஸாமாவே தளபதியாக நியமிக்கப்பட்டார்.

தந்தை யாரென்று அறியப்படாத பிள்ளைகளும் நம் இல்லங்களில் உண்டு. ஸூரா அல்அஹ்ஸாபின் 5ஆவது வசனம் அத்தகையோரை மார்க்கச் சகோதரர்கள் என்றே அழைக்கிறது. அல்லாஹ்வே சூட்டிய அப்பெயர் இருக்க, நாம் ஏன் வேறு பெயர் தேடுகிறோம்?

சமத்துவம் என்றால் நூறு பிள்ளைகளுக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்குவதன்று. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி அறிந்த ஆசிரியர் வேண்டும். நடக்க இயலாத பிள்ளைக்கு ஒளூச் செய்யுமிடத்தில் சாய்தளம் வேண்டும். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் ஃபஜ்ருடைய பாங்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது; நேரம் வந்ததைப் பிறர் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். பொறுப்பும் கொடுக்கப்பட்டது, அதற்கான துணையும் கொடுக்கப்பட்டது.

நிர்வாகிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இத்தகைய இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பால், சாதி, இனம், பிறந்த இடம், உடற்குறை ஆகியவற்றின் பெயரால் எந்தப் பிள்ளையிடமும் வேறுபாடு காட்டலாகாது என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. இழிவுபடுத்தும் சொற்களால் பிள்ளைகளைக் குறிப்பிடுவதையும் அது தவிர்க்கச் சொல்கிறது. குழந்தைகள் நலக்குழு மாற்று மதத்துப் பிள்ளை ஒன்றை நம்மிடம் ஒப்படைக்க நேர்ந்தால், ரமளான் பகலில் அப்பிள்ளைக்குச் சுடச்சுட மதிய உணவு பரிமாறுவதும், அதன் பெயரையும் வழிபாட்டையும் மாற்ற முனையாதிருப்பதும் நம் கடமை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது குர்ஆனின் போதனையல்லவா? 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், குடும்பத்தை இழந்த பிள்ளையின் மதம், மொழி, பண்பாடு ஆகியவற்றுக்கு உரிய மதிப்பளிக்கச் சொல்கிறது. அதே 20ஆவது பிரிவு, நம் ஷரீஅத்தின் 'கஃபாலா' முறையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உலகம் நம்மிடம் எடுத்துக்கொண்டதை நாம் கைவிடலாமா?

அந்த மூதாட்டி சொன்னது இல்லத்தின் செயலாளர் காதுக்கும் எட்டியது. அடுத்த பெருநாளுக்குப் பத்து நாள் முன்பாகவே, அளவையும் நிறத்தையும் பிள்ளைகளிடமே கேட்டு, ஒரே விலைத் துணியில் எல்லோருக்கும் வாங்கினார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் இல்லை. அதில் வருத்தப்பட்ட நன்கொடையாளர் ஒருவர் உண்டு. அவரிடம் பேசும் பொறுப்பை என்னிடமே தந்தார்கள், அது நியாயந்தான்.

இவ்வாண்டு நிக்காஹ் வைத்திருப்போர், பந்தலில் அப்பிள்ளைகளுக்கென்று தனி வரிசை போட வேண்டாமென்று சமையற்காரரிடமும் பந்தற்காரரிடமும் இப்பொழுதே சொல்லிவிடுங்கள். அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்!