மாரிக்கும் பனிக்கும் ஏற்ற வரவேற்பறை

(நூற்றாண்டையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"சீனி வியாதியும் பிரஷரும் எல்லோரும் கேட்டு அலுத்த விசயம். வீட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று சங்கத்தார் என்னிடம் சொன்னார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற நம் பழைய மாணவியர் சிலர் கேட்ட கேள்வியையும் கையில் தந்தார்கள். குளிர்காலத்தில் ஹோல் கதகதப்பாகத் தெரிய என்ன நிறம் அடிக்கலாம் என்பதுதான் அந்தக் கேள்வி. இதில் வைத்தியருக்கு என்ன வேலை என்று சிரிக்கிறீர்கள். வேலை இருக்கிறது.

பெயின்ற் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் வருகிறது? பகல் முழுக்க அந்த அறையில் இருப்பவர் யார்? முதல் கேள்வியின் விடை ஊருக்கு ஊர் மாறும். இரண்டாவதின் விடை அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். அம்மாவோ உம்மாவோ மாமியோதான் அந்தக் கதிரையில் இருப்பார். அப்படியென்றால் நிறத்தை அவருடைய கண்ணுக்குத்தான் தெரிய வேண்டும்.

முதலில் வெளிச்சம். பாண்டிருப்பில் நமக்குப் பனிக்காலம் கிடையாது, மாரிதான் குளிர்காலம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கடலிலிருந்து மழையைக் கொண்டுவரும். ஆனாலும் டிசம்பரில்கூட நமக்குப் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. முகில் மூடினாலும் வாசலில் வெளிச்சம் கிடைக்கும். ரொறன்ரோவில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 9 மணித்தியாலம். லண்டனில் 8 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, ஒஸ்லோவில் 6 மணித்தியாலம் மட்டும். அந்த நாடுகளில் வடக்குப் பார்த்த யன்னலுக்கு நேர்வெயில் வராது, வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம்தான் வரும். அந்த அறைக்குச் சாம்பல் நிறமோ நீலம் கலந்த வெள்ளையோ அடித்தால், படத்தில் அழகாகத் தெரிந்த நிறம் சுவரில் சாம்பல் பூத்ததுபோல் கிடக்கும். பாலாடை நிறம், சந்தன நிறம், வெளிறிய மஞ்சள் போன்றவை அந்த வெளிச்சத்தில் இதமாக இருக்கும்.

ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த நிறமும் அறையின் வெப்பத்தை ஒரு பாகைகூட உயர்த்தாது. கதகதப்பு என்பது நம் மனம் நிறத்துக்குக் கொடுக்கிற பொருள். அதை நம்பி ஹீற்றரைக் குறைத்துவிடாதீர்கள்.

இனி, கதிரையில் இருப்பவரின் கண். வயது போகப் போகக் கண்ணின் வில்லை மஞ்சளாகும், கண்மணியும் சுருங்கும். இருபது வயதுக்காரியின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரியின் விழித்திரைக்குப் போகிறது. கண்புரையும் சேர்ந்தால் கடும் நீலமும் கறுப்பும் பிரித்தறிய முடியாதவை ஆகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிச்சம் மங்கும்போது முதலில் கறுத்துப் போவது சிவப்பு. செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டு எழுதினார். குளிர்காலத்துக்கென்று எல்லோரும் விரும்பி வாங்குகிற மெரூன் சோபா, பின்னேரம் நான்கு மணிக்கு அம்மாவின் கண்ணுக்குக் கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். அதைக் கடும் பழுப்புக் கம்பளத்தில் வைத்தால் சோபா எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குப் பிடிபடாது. உட்காரப் போகிறவர் விளிம்பைத் தவறவிட்டு விழுவது இப்படித்தான்.

வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வீட்டின் நடைமுறையே மாறிவிடும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். திரும்ப நடக்கத் தொடங்கினாலும் முன்புபோலத் தனியே வெளியில் போகாதவர்கள் அநேகம். ஆகவே அழகுக்கு நான் சொல்கிற முதல் விதி, அடுத்தடுத்து இருக்கிற இரண்டு பொருள்கள் ஒரே அளவு கறுப்பாகவோ ஒரே அளவு வெளிறலாகவோ இருக்கக் கூடாது என்பதே. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. பிரித்தானியக் கட்டட வழிகாட்டல்கள் சுவருக்கும் தரைக்கும், கதவுக்கும் சுவருக்கும் இடையில் 30 புள்ளியாவது வித்தியாசம் கேட்கின்றன. பெயின்ற் நிறுவனங்கள் பல இந்த எண்ணைத் தங்கள் நிற அட்டையில் போடுகின்றன. இல்லாவிட்டால் கைபேசியில் அறையைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். கதிரையும் தரையும் அதில் ஒன்றாகக் கலந்து போனால், அம்மாவுக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

நடைமுறையில் எப்படிச் செய்யலாம்? மேற்கூரைக்கு மினுக்கம் இல்லாத வெள்ளை அடியுங்கள். அது வெளிச்சத்தைக் கீழே திருப்பித் தரும். சுவருக்குச் சந்தனமோ பாலாடையோ இளம் பயற்றம் பச்சையோ போதும். அலங்காரம் செய்பவர்கள் 60, 30, 10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அறையில் அறுபது பங்கு அடிப்படை நிறம், முப்பது பங்கு துணை நிறம், பத்துப் பங்கு எடுப்பான நிறம். மஞ்சள், செங்கல் சிவப்பு, குங்கும நிறம் எல்லாவற்றையும் அந்தப் பத்துக்குள் கொண்டுவந்து, அம்மாவின் கதிரை மெத்தையிலும் கதவுப் பிடியருகிலும் வையுங்கள். அழகுக்கு அழகு, வழிகாட்டவும் உதவும். பளபளக்கும் தரையையும் மினுங்கும் சுவரையும் தவிருங்கள். கண்புரை உள்ளவருக்குக் கூச்சம் தாங்காது.

மின்குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 2700 என்று இருந்தால் அது விளக்கு மஞ்சள், 6500 என்று இருந்தால் நீலம் கலந்த பகல் வெள்ளை. மாலைக்கு முதலாவது இதமானது. ஆனால் ஒரு குமிழை நடுவில் தொங்கவிட்டால் போதாது. வாசிக்கிற கதிரைக்கு ஒன்று, நடக்கிற வழிக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

பனிநாட்டு அக்காமாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் முற்றம் கூட்டி, பக்கத்து வீட்டோடு வேலியில் நின்று கதைத்த ஒருவரை மாடிவீட்டு அறைக்குள் கொண்டுபோய் இருத்துகிறோம். நவம்பர் வந்ததும் அவர் அதிகம் நித்திரை கொள்கிறார், எதிலும் பிடிப்பில்லை என்றால், "வயது போய்விட்டது" என்று விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் வருகிற மனச்சோர்வை நோர்மன் ரோசந்தாலும் அவரது குழுவினரும் 1984இல் அமெரிக்காவில் விவரித்தார்கள். அதற்குக் காலையில் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சத்தின் முன் சுமார் அரை மணித்தியாலம் இருத்துகிற சிகிச்சை உண்டு. கண் நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. ஆகவே மஞ்சள் சுவர் மருந்தாகாது. அவருடைய கதிரையை யன்னலருகே நகர்த்துவது, மத்தியானம் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவது இரண்டும் எந்தப் பெயின்றையும்விடப் பலன் தரும்.

இனி ஊரிலுள்ள தங்கைமாருக்கு. நமக்கு மாரியில் முதல் எதிரி ஈரம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளைப் புதிதாகக் கட்டினோம். கடற்காற்றின் உப்பு அந்தச் சுவர்களையும் விடவில்லை. ஈரச்சுவரின் மேல் பெயின்ற் அடித்தால் அது கொப்பளித்து உரியும், பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமலும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டல் வெளியிட்டது. முதலில் ஒழுக்கை அடையுங்கள், பிறகு சுவரைக் காயவிடுங்கள். மாரிக்கு முன்னால், வெயில் காலத்தில் அடிப்பதே சரி. நம் பாட்டிமார் சுண்ணாம்பில் சலவை நீலம் ஒரு துளி கலந்து அடித்தது சிக்கனத்துக்கு மட்டுமல்ல. சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், அதன் காரத்தில் பூஞ்சணம் இலகுவில் வளராது.

பழைய எனாமல் பெயின்றைச் சுரண்டும்போது கவனம் வேண்டும். முன்பு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு ஈயம் கலந்த சாயம் பாவித்தார்கள். அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயின்றில் ஈயத்தைத் தடை செய்தது. இலங்கையில் 2013 முதல் சட்ட வரம்பு நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்திய கதவு, யன்னல்களை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். ஈயத்தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

வாடகை வீட்டில் சுவரைத் தொட விடமாட்டார்கள் என்று சிலர் சொல்வீர்கள். அப்போது துணி இருக்கிறது. பக்கத்து மருதமுனையில் இன்றும் தறி ஓடுகிறது. சாரமும் சேலையும் கட்டில் விரிப்பும் நெய்கிற கைகள் அங்கே இருக்கின்றன. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கதிரைக்கும் மெத்தைக்கும் யன்னலுக்கும் அளவு எடுத்து வாருங்கள். கைத்தறித் துணி பெட்டியில் பாரமில்லை. உங்கள் அறைக்கு வேண்டிய அந்தப் பத்துப் பங்கு நிறம் நம் ஊரிலிருந்தே வரட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிறத்தை முடிவு செய்ய முன், பெரிய அட்டை ஒன்றில் அடித்துச் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை எட்டு மணிக்கும் பின்னேரம் நான்கு மணிக்கும் இரவு விளக்கிலும் பாருங்கள். பிறகு அம்மாவை அவருடைய கதிரையில் இருத்தி, "இது என்ன நிறம்? அந்த மூலையில் என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற விடைதான் உங்கள் நிற அட்டை.

 நம் பாடசாலை இன்னொரு நூற்றாண்டும் இந்தக் கரையின் பெண் பிள்ளைகளைப் படிப்பிக்கட்டும்.