அவையில் நின்ற சொல்



மக்களின் பிரதிநிதியாகச் சபைக்குச் சென்றவர் அங்கே என்ன பேசினார் என்று கேட்பது வாக்களித்தவரின் உரிமை. அவ்வுரிமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? பெரும்பாலும் எண்ணிக்கையைக் கேட்டு அமைதி கொள்கிறோம். இன்னார் இத்தனை விவாதங்களிற் கலந்து கொண்டார், இத்தனை கேள்விகள் கேட்டார் என்று இப்போது பட்டியல்கள் வெளியாகின்றன. பட்டியலில் முன்னிற்பவரைப் புகழ்கிறோம், பின்னிற்பவரை இகழ்கிறோம்.

ஆனால் அப்பட்டியல்களில் ஒரு சாராருக்கு இடமே இல்லை. அவர்கள் மந்திரிகள். மந்திரி சபையிற் பேசுவது அரசாங்கத்தின் சார்பிலே. தம் சார்பில் அன்று. ஆகவே அவரை மற்ற உறுப்பினரோடு சேர்த்து எண்ணுவது பொருந்தாது என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் நியாயமானதே. எனினும், அதிகாரம் கையில் இருந்தபோது ஒருவர் பேசியதை நாம் எந்தக் கோலால் அளப்பது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அக்கேள்வியை, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒரு பெரியவரின் பொதுவாழ்வை முன்வைத்து இன்று ஆராய விரும்புகிறோம். அவர் பி. எஸ். நடராஜ பிள்ளை.

பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவருடைய தந்தையாரை அறியாத தமிழர் இல்லை. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் தமிழ்ச் சங்கக் கூட்டம் எங்கே தொடங்கினாலும் முதலில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, அவர் தந்தையார் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்திலிருந்து எடுக்கப்பெற்றது. ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்தவர் சுந்தரம் பிள்ளை. அந்த நாடகம் அச்சேறியது 1891ஆம் ஆண்டில். மகன் நடராஜன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். 1897இல் தந்தையார் மறைந்தபோது பிள்ளைக்கு வயது ஆறு.

மகனைப் பற்றிப் பேசுமுன், அவர் பேசிய ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்திய சமஸ்தானங்களுள் முதன்முதலாகச் சட்ட சபை கண்ட ஊர் திருவனந்தபுரம். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி, எட்டே உறுப்பினர்களுடன் அச்சபை முதன்முறை கூடியது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. பிரஜைகள் தம் குறைகளை திவானின் முன்னிலையில் எடுத்துரைப்பதற்கு அது இடமளித்தது. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. பேசுவதற்கு மட்டுமே உரிமை. வெறும் பேச்சினால் என்ன விளையும் என்று அன்று பலர் எள்ளி நகையாடியிருக்கக் கூடும்.

அந்தச் சபைக்கு 1911இல் நியமனம் பெற்றவர் அய்யன்காளி. பள்ளிக்கூடத்தை மிதித்தறியாதவர், பொதுச் சாலையில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்த சமூகத்திலிருந்து வந்தவர். 1912இல் அவர் சபையில் எழுந்து, தம் மக்களுக்குப் புதுவல் நிலம் வழங்க வேண்டும் என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் வாய்ச்சொல் சபை நடவடிக்கைக் குறிப்பில் ஏறி, இன்றும் படிப்பதற்குக் கிடைக்கிறது. சபை கூடிய விக்டோரியா ஜூபிலி நகர மண்டபமே 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.

நிலம் என்ற அந்தச் சொல்லை மனத்தில் இருத்திக் கொள்வோம். அது மீண்டும் வரும்.

சபைக் குறிப்பில் ஏறும் சொல்லின் எடை எத்தகையது என்பதை, அரசாங்க மொழிபெயர்ப்பிலே காலங்கழிக்கும் நாம் அன்றாடம் உணர்கிறோம். 2021ஆம் ஆண்டு கேரள சட்ட சபையில் தேவிகுளம் தொகுதி உறுப்பினர் தமிழிலே பதவிப் பிரமாணம் செய்தார். தமிழாக்கத்தில் ஒரு தொடர் விடுபட்டிருந்தது. 'கடவுளின் பெயரால்' என்றோ 'உளமார' என்றோ ஒன்று இருக்க வேண்டிய இடம் அது. ஆகவே அப்பிரமாணம் செல்லாதென்று கருதப்பட்டு, ஜூன் மாதம் 2ஆம் தேதி அவர் மறுமுறையும் பிரமாணம் செய்ய நேர்ந்தது. ஒரு தொடர் இல்லையேல் உறுப்பினரே இல்லை. சபையிற் சொல்லப்படுவது காற்றோடு போவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி நடராஜ பிள்ளையிடம் வருவோம். திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி கோரி 1938இல் எழுந்த ஸ்டேட் காங்கிரஸ் இயக்கத்தில் அவர் ஈடுபட்டார். அதன் விளைவாகத் தந்தையார் வழிவந்த சொத்துக்களைச் சமஸ்தான அரசு பறிமுதல் செய்தது. பேரூர்க்கடையில், தம் ஆசிரியரான ஹார்வி துரையின் நினைவாகச் சுந்தரம் பிள்ளை ஹார்விபுரம் என்று பெயரிட்டு வாழ்ந்த இல்லமும் அதில் அடங்கும். சொத்திழந்த அவர், பிற்காலத்தில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் திருவிதாங்கூரின் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்தார். நாட்டின் அரசியல் சட்டம் உருவான அவையில், மனோன்மணீய ஆசிரியரின் மகனுக்கும் ஓர் இருக்கை இருந்தது என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது.

1954ஆம் ஆண்டில் அவர் அரசாங்க வரிசைக்கு வந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்ட சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 117 இடங்களுள் 19 மட்டுமே பெற்ற பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி, காங்கிரஸின் ஆதரவைக் கொண்டு மந்திரிசபை அமைத்தது. பட்டம் தாணு பிள்ளை முதன் மந்திரியானார். நடராஜ பிள்ளை நிதி மந்திரியானார்.

அப்பதவியில் அவர் செய்தவற்றுள் தலையாயது நிலச் சீர்திருத்த மசோதாக்களைச் சபையின் முன் வைத்ததே. குத்தகைதாரரின் உரிமையையும், ஒருவர் வைத்துக் கொள்ளக்கூடிய நிலத்தின் வரம்பையும் அவை தொட்டன. நில உடைமையாளர்களின் செல்வாக்கு எல்லாக் கட்சிகளிலும் ஓங்கியிருந்த காலம் அது. பத்தொன்பது பேரைக் கொண்ட கட்சி, பிறர் தயவில் அரசு நடத்திக் கொண்டு, இத்தகைய மசோதாக்களைக் கொண்டு வந்தது துணிவான செயல் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அவை நிறைவெய்துவதற்கு முன்பே, 1955 பிப்ரவரியில் மந்திரிசபை வீழ்ந்தது.

இங்கே, தமிழராகிய நாம் தவிர்த்து விட்டுச் செல்லக்கூடாத ஒரு பகுதி இருக்கிறது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்துடன் சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடி வந்தது. 1954 ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். தமிழர்கள் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது நாம் சொன்ன அதே மந்திரிசபைதான். தமிழ்த் தாயை வாழ்த்திப் பாடியவரின் மகன் அதில் நிதி மந்திரி.

இதை எவ்வாறு மதிப்பிடுவது? மந்திரிசபை சட்ட சபைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அரசியல் சட்டம் வகுத்த நெறி. உள்ளே வேறுபட்டாலும் வெளியே ஒரே குரல். அக்குரலோடு ஒத்துப் போக இயலாதவர் பதவியை விட்டு விலகுவதே முறை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் மந்திரிசபையே பதவி விலக வேண்டும் என்று கோரினார். அதனால் விளைந்த பிணக்கு கட்சியையே பிளந்தது. மந்திரிசபையோ விலகவில்லை. நிதி மந்திரியும் மந்திரியாகவே நீடித்தார். அவர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று ஊகிப்பது நம் வேலையன்று. நிலமற்றவர்க்காக மசோதா கொண்டு வந்த பெருமையில் அவருக்குப் பங்கு உண்டு என்றால், அந்தத் துப்பாக்கிச் சூட்டின் பொறுப்பிலும் பங்கு உண்டு. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. மந்திரியின் சொல்லை அளக்கும் கோல் இதுவே: அவர் சொன்னதோடு, சொல்லாதிருந்ததையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி தென் தாலுகாக்கள் சென்னை மாகாணத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளமும் பீருமேடும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றன. எல்லை எங்கே விழுந்தாலும் இரு புறத்திலும் இரு மொழியாரும் வாழ்ந்தே தீர வேண்டும் என்பதற்கு நடராஜ பிள்ளையின் குடும்பமே ஓர் எடுத்துக்காட்டு. அவர் திருவனந்தபுரத்திலேயே தங்கினார்.

1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதி அவரைச் சுயேச்சையாகவே மக்களவைக்கு அனுப்பியது. இத்தொகுதிக்கு அது வழக்கமாகவே இருந்தது. 1952இல், அரசியல் நிர்ணய சபையில் அவருடன் அமர்ந்திருந்தவரும் சமஸ்தானத்தில் மந்திரியாக இருந்தவருமான ஆனி மஸ்கரீன் அம்மையாரைச் சுயேச்சையாகவே அனுப்பியது. 1957இல் ஈசுவர ஐயர், 1971இல் வி. கே. கிருஷ்ண மேனன் ஆகியோரும் சுயேச்சைகளே. கிருஷ்ண மேனன் 1957இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் குறித்து இரண்டு நாட்களில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசியவர். அவ்வளவு பேசியும், ஜனவரி 24ஆம் தேதி அச்சபை இந்தியாவின் வாதத்துக்கு மாறான தீர்மானத்தையே நிறைவேற்றியது. பேச்சின் நீளம் வேறு, பேச்சின் பயன் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மக்களவையில் விவாதத்துக்குரிய நேரம் கட்சிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பங்கிடப்படுகிறது. சுயேச்சைக்குக் கிட்டுவது சில நிமிஷங்களே. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய முரண் வெளிப்படுகிறது. மந்திரியாக இருந்தபோது நடராஜ பிள்ளைக்குப் பேச நேரம் இருந்தது. வாதத்தை முடித்து வைக்கும் பதிலுரையும் அவருடையது. ஆனால் சொல் மந்திரிசபையின் சொல். சுயேச்சையாக அமர்ந்தபோது சொல் அவருடையது, நேரமோ சொற்பம். எண்ணிக்கைப் பட்டியல் முதல் நிலையை விட்டுவிடும். இரண்டாம் நிலையைக் குறைத்துக் காட்டும். இரண்டிலும் மனிதரைத் தவற விட்டுவிடும்.

1966 ஜனவரியில், மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே அவர் காலமானார். பேரூர்க்கடை அரசுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் சபையில் வைத்த மசோதாக்கள் என்னவாயின? 1957இல் பதவியேற்ற நம்பூதிரிபாட் மந்திரிசபை, அதே பொருளில் விவசாய உறவு மசோதாவைக் கொண்டு வந்தது. அது 1959இல் சபையில் நிறைவேறியது. பின்னர் நீதிமன்றங்களில் அடிபட்டது. 1963இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1969இல் அது திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றோடு கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது; குடியிருப்பு மனைக்கும் உழுத நிலத்துக்கும் உழைத்தவர் உரிமை பெற்றனர். எனினும் அய்யன்காளியின் மக்களிற் பெரும்பாலோர் குத்தகைதாரர் அல்லர், கூலி உழைப்பாளிகள். அவர்களுக்குக் கிட்டியது குடிசை நின்ற மனையே, வயல் அன்று. 1912இல் கேட்கப்பட்ட நிலத்தின் கணக்கு முழுதும் தீர்ந்துவிடவில்லை.

அதே 1970ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டு அரசு சுந்தரம் பிள்ளையின் பாடலை அரசு விழாக்களின் வாழ்த்தாக ஏற்றது. தந்தையின் சொல்லும் மகனின் சொல்லும் அவர்கள் காலத்துக்குப் பின்னே ஒரே ஆண்டில் நிலைபெற்றன. தந்தையின் சொல்லை நாம் எழுந்து நின்று பாடுகிறோம். மகனின் சொல் பெயரில்லாமல் ஒரு சட்டத்துக்குள் கலந்து கிடக்கிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதிலிருந்து ஒரு கடமை புலப்படுகிறது. நம் குடியிருப்பு, நம் பிள்ளைகளின் பள்ளி, நம் தொழில் ஆகியவை பற்றிய முடிவுகள் பிறமொழி பேசும் சட்ட சபைகளில் எடுக்கப்படுகின்றன. நம் சார்பில் அமர்ந்திருப்பவர் தமிழராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் பேசியது பதிவில் இருக்கிறது. திருவனந்தபுரம் சபையின் 1888 முதலான நடவடிக்கைகளும், பாராளுமன்ற விவாதங்களும் இப்போது கணினி வழியே எவரும் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் நூல் நிலையத்தின் மூலையில் தூசி படிந்து கிடந்தவை அவை.

எத்தனை முறை பேசினார் என்று எண்ணுவதோடு நின்றுவிட வேண்டாம். நம்மைப் பாதித்த ஏதேனும் ஒரு நாளின் நடவடிக்கையை எடுத்து, நம் உறுப்பினரின் பெயரைத் தேடுவோம். பேசியிருந்தால், யாருக்காகப் பேசினார் என்று பார்ப்போம். பேசாதிருந்தால், அதையும் குறித்துக் கொள்வோம். அடுத்த முறை அவர் வாக்குக் கேட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக் கொண்டு அவருடன் பேசலாம்.