போகிற போக்கில் சொன்ன அபிப்பிராயம்



படம் முடிந்து கொட்டகையை விட்டு வெளியே வருகிறோம். வாயிற்படியைத் தாண்டுமுன்னரே உடன் வந்தவர், "எப்படி?" என்று வினவுகிறார். நாமும் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறி விடுகிறோம். இத்தகைய அபிப்பிராயங்களைக் கடிந்துரைக்க நான் வரவில்லை. அவை இல்லையேல் நண்பர்களின் பேச்சில் சுவை ஏது? ஆயினும், நான் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லால் எனக்கு நேர்ந்த நஷ்டத்தை உங்களிடம் கூற வேண்டும் என்று தோன்றுகிறது.

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பரிடம் ஓர் இசைத்தட்டு இருந்தது. கப்பலில் பணிபுரிந்த அவருடைய மாமா கொணர்ந்து தந்தது. மைக் ஓல்ட்ஃபீல்ட் என்னும் ஆங்கில இளைஞர் அமைத்த 'டியூபுலர் பெல்ஸ்' அது. ஒரு சனிக்கிழமை மாலை அவர் என்னை அருகில் அமர்த்தி அதைச் சுழலவிட்டார். பியானோவின் முதற் சுரங்கள் எழுந்தனவோ இல்லையோ, "ஓ! இது 'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப்படத்துப் பாட்டல்லவா?" என்று நான் நகைத்தேன். சுற்றி இருந்தவர்களும் நகைத்தார்கள். நண்பர் ஒன்றும் பேசவில்லை. ஊசியைத் தூக்கினார், தட்டை உறையிலிட்டார். அதன்பின் இரண்டாண்டுகள் ஒரே அறையில் வாழ்ந்தோம். ஒருமுறையேனும் அவர் என்னை இசை கேட்க அழைத்ததில்லை.

என் சொல் நயமற்றது மட்டுமன்று, தவறானதும் ஆகும். அந்த இசை அப்படத்துக்காக அமைந்ததே இல்லை. ஓல்ட்ஃபீல்ட் அதைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 19. வாத்தியங்களிற் பெரும்பாலானவற்றைத் தாமே வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து, சுமார் 49 நிமிஷம் ஓடும் ஒரே இசைக்கோலமாக்கினார். கம்பெனிகள் பல அதனை ஏற்க மறுத்தன. வர்ஜின் என்னும் புதிய நிறுவனம் 1973 மே மாதத்தில் தன் முதல் வெளியீடுகளுள் ஒன்றாக அதனைக் கொணர்ந்தது. படம் வந்ததோ அவ்வாண்டு டிசம்பரில். டைரக்டர் வில்லியம் ஃப்ரீட்கின், லாலோ ஷிஃப்ரின் அமைத்துக் கொடுத்த இசையை ஒதுக்கிவிட்டு, இசைத்தட்டுகளிலிருந்தே தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தார். ஓல்ட்ஃபீல்டின் இசையில் அவர் எடுத்துக்கொண்டது தொடக்கத்துச் சிறு பகுதியே. அந்தச் சிறு பகுதியை வைத்துக்கொண்டு நான் முழுமைக்கும் பெயர் சூட்டி விட்டேன்!

இசையை ஒதுக்கியது என்றதும் மற்றொரு படம் நினைவுக்கு வருகிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968 ஏப்ரலில் வெளியாயிற்று. அலெக்ஸ் நார்த் என்பவர் அதற்கென அமைத்த இசை பயன்படவில்லை என்பதை, பாவம், அவர் படத்தைப் பார்த்த பிறகே அறிந்தார். அப்படத்தில் முதல் 25 நிமிஷங்களுக்கு எவரும் வாய் திறந்து பேசுவதில்லை. முதற் காட்சிகளில் எழுந்து போனவர்கள் பலர். குப்ரிக்கும் சுமார் 19 நிமிஷக் காட்சிகளை வெட்டினார். எழுந்து போனவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதன் முடிவுப் பகுதி எனக்கு இன்றும் முழுதும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்பது ஒன்று. நன்றாயில்லை என்பது வேறொன்று. முன்னதைச் சொல்ல நாணி, நாம் பின்னதைச் சொல்லிவிடுகிறோம்.

பத்திரிகை விமரிசகர்களும் இதற்கு விலக்கல்லர். ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' 1958இல் வந்தபோது, கதை நம்பத்தகாதது, நடை மந்தமானது என்றார்கள் சிலர். 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் பிரிட்டிஷ் பத்திரிகை, பத்தாண்டுக்கு ஒருமுறை உலகத்து விமரிசகர்களிடம் வாக்குக் கேட்டுச் சிறந்த படங்களை வரிசைப்படுத்துவது வழக்கம். 1962 முதல் 2002 வரை ஆர்ஸன் வெல்ஸின் 'சிட்டிஸன் கேன்' முதலிடத்தில் அமர்ந்திருந்தது. 'வெர்ட்டிகோ' 1982இல்தான் முதற் பத்துக்குள் நுழைந்தது. 2012இல் முதலிடத்தையே பிடித்தது. 2022இல் அதனையும் மற்றொரு படம் இறக்கிவிட்டது. படச்சுருளில் ஒரு காட்சியேனும் மாறியதா? இல்லை. பார்த்தவர்கள் மாறினார்கள்.

இனி இசைக்கு வருவோம். 1960களின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர் சிலர், மூன்று நிமிஷப் பாட்டு என்னும் கூண்டை உடைத்தனர். ஐரோப்பியச் சாஸ்திரீய இசையையும் ஜாஸையும் துணைக்கொண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுதும் நீளும் உருப்படிகளை இயற்றினர். 'யெஸ்' குழுவினர் 1972இல் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' அவ்வகையினது. இதற்குப் புரோகிரஸிவ் ராக் என்று பெயர். பின்னர், "இவர்கள் ஆடம்பரக்காரர்கள்" என்றோர் அபிப்பிராயம் பரவிற்று. அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். ரிக் வேக்மன் 1975இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில், ஆர்தர் மன்னன் கதையைப் பனித்தளத்தின்மீது சறுக்கு நடனத்தோடு நடத்தினாரே, அது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. ஆனால் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம் 'கிங் கிரிம்ஸன்' குழுவின் ராபர்ட் ஃப்ரிப். துள்ளாமல், குதிக்காமல், மேடையில் ஒரு முக்காலியில் அமர்ந்து கித்தார் வாசிப்பார். பனியில் சறுக்கியவரை வைத்து முக்காலியில் அமர்ந்தவரையும் அளந்துவிட்டார்கள்.

விடுதியை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் சென்றபின், ஒரு நாள் இரவு, தனிமையில் நான் 'டியூபுலர் பெல்ஸ்' முதற் பக்கத்தைக் கேட்டேன். நண்பர் தூக்கிய ஊசியின் இடத்தைத் தாண்டி இசை சென்றது. நான்கு நான்காகத் தாளம் தட்டினேன், கை பிசகிற்று. பேயின் நினைவு ஐந்தாறு நிமிஷங்களில் அகன்றது. முடிவில், விவியன் ஸ்டான்ஷல் என்பவரின் குரல், சபைக்கு விருந்தினரை அறிமுகம் செய்வதுபோல், வாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. அழைக்க அழைக்க அவை வந்து சேர்கின்றன. இறுதியில் அந்த நீண்ட உலோகக் குழல் மணிகள் முழங்குகின்றன. இதைக் கேட்பிக்கத்தானே அவர் அன்று என்னை அருகில் அமர்த்தினார்!

மறுநாளே நண்பருக்குக் கடிதம் எழுதினேன். பழையதைச் சொல்லி வருந்தினேன். பத்து நாளில் பதில் வந்தது. விடுதி நிகழ்ச்சியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டாம் பக்கத்தையும் கேட்டாயா என்று மட்டும் கேட்டிருந்தார். நான் கேட்டிருக்கவில்லை. அன்றிரவு கேட்டேன்.