ஏஜென்சி வழியா வேலை வாங்குங்க, கையெழுத்துக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க

(எடமலைப்பட்டி புதூரில் நமது பகுதி தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய இளைஞர் வேலைவாய்ப்புக் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்னைக்கு மேடைப் பேச்சு வேண்டாம், வேலையைப் பத்திப் பேசுவோம். நம்ம புதூர்ல போஸ்டர் டிசைன் பண்றவங்க, கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க, அனிமேஷன் பண்றவங்க, கன்டென்ட் எழுதுறவங்கன்னு நிறைய பேர் இருக்காங்க. பாதிப் பேர் என்னை மாதிரி இன்ஜினியரிங் முடிச்சவங்க. முன்னாடி ஒரே வழிதான்: பெட்டியைக் கட்டி சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறணும். இப்ப பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு நம்ம பக்கத்துலயே வந்துடுச்சு, ஆனா பஸ் ஏறாமலே அந்த ஊர் வேலை வீட்டுக்கு வருது. பெரும்பாலும் அதைக் கொண்டு வர்றது ஸ்டாஃபிங் ஏஜென்சி, நம்ம ஊர்ப் பேச்சுல கன்சல்டன்சி.

ஏஜென்சி கெட்டதுன்னு சொல்ல நான் வரல. புதுசா தொழிலுக்கு வர்றவனுக்குப் பெரிய கம்பெனியோட கதவு தானா திறக்காது. ஏஜென்சி திறந்து விடும், அதுக்கு ஒரு கமிஷன் எடுக்கும். கம்பெனி உங்க வேலைக்கு ஏஜென்சிக்குக் கொடுக்கிற தொகை வேற, உங்க கைக்கு வர்றது வேற. நடுவுல இருக்கிறதுதான் அவங்க வருமானம். அதனால உங்ககிட்ட பதிவுக் கட்டணம், டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ்னு யாராவது முன்பணம் கேட்டா அங்கேயே எழுந்து வந்துடுங்க. ஆன்லைன்ல பணம் கட்டி ஏமாந்துட்டா தாமதிக்காம 1930க்கு போன் பண்ணுங்க.

நல்ல ஏஜென்சியே வந்தாலும், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கணும்.

முதல் கேள்வி: நான் பே-ரோல்ல வர்றேனா, கன்சல்டன்ட்டா வர்றேனா?

ரெண்டும் வேற வேற உலகம். பே-ரோல்னா நீங்க ஏஜென்சியோட ஊழியர். பி.எஃப். பிடிப்பாங்க, முதலாளி பங்கும் சேரும். சம்பளம் 21,000 வரைக்கும்னா இ.எஸ்.ஐ. உண்டு. உங்க பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஏஜென்சி சம்பளம் கொடுக்காம இழுத்தா, வேலை வாங்கின கம்பெனியே கொடுக்கணும்ங்கிற பொறுப்பு 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் அது இருக்கு.

கன்சல்டன்ட்னா நீங்க தனித் தொழில் செய்றவர். பி.எஃப். இல்ல, இ.எஸ்.ஐ. இல்ல, லீவுக்குச் சம்பளம் இல்ல. பில் தொகையில பொதுவா 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சுட்டுக் கொடுப்பாங்க. அது போன பணம்னு நிறைய பேர் விட்டுடுறாங்க. அது உங்க பான் எண்ல வரவா நிக்கிற பணம். ரிட்டர்ன் தாக்கல் பண்ணுங்க, கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்ப வரும். பிடிச்ச தொகையைக் கட்டினாங்களான்னும் வருமான வரித் தளத்துல பாருங்க.

சில இடத்துல ஊழியர் மாதிரி காலையில 9 மணிக்கு லாகின் பண்ணச் சொல்வாங்க, லீவுக்கு அனுமதி கேக்கச் சொல்வாங்க, காகிதத்துல மட்டும் கன்சல்டன்ட்னு போட்டிருக்கும். பே-ரோல்ல போடுங்கன்னு கேளுங்க. இல்லன்னா பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவு எல்லாத்துக்கும் சேர்த்து ரேட்டைக் கூட்டிக் கேளுங்க.

ரேட்டுன்னதும் ஒரு கணக்கு. வீட்டுக்கு மாசம் 25,000 வேணும்னு வைங்க. நெட், கரண்ட், சாஃப்ட்வேர் சந்தா, லேப்டாப் தேய்மானம்னு 5,000. ஆக 30,000. ஃப்ரீலான்ஸ்ல மாசத்துல 30 நாளும் வேலை இருக்காது. காசு வர்ற நாள் 15ன்னா, ஒரு நாள் ரேட்டு 2,000. சம்பளத்தை 30ஆல வகுத்து, நாளைக்கு 850 போதும்னு ஒத்துக்கிட்டா, மாசக் கடைசியில கடன்தான் மிஞ்சும்.

ரெண்டாவது கேள்வி: பணம் எந்தத் தேதிக்கு வரும்?

இதுலதான் நம்ம பசங்க ரொம்ப அடிபடுறாங்க. "கிளையன்ட் கொடுத்தாதான் நாங்க கொடுப்போம்"னு ஒரு வரி ஒப்பந்தத்துல ஒளிஞ்சிருக்கும். அந்த வரி இருந்தா, கிளையன்ட் ஏமாத்தினா நஷ்டம் ஏஜென்சிக்கு இல்ல, உங்களுக்குத்தான். பில் கொடுத்த நாள்லேர்ந்து எத்தனை நாள்னு எண் போட்டு எழுதச் சொல்லுங்க.

கன்சல்டன்ட்டா வேலை பண்றவங்க உத்யம் பதிவு பண்ணிக்கோங்க. ஆதாரும் பானும் இருந்தா போதும், அரசு தளத்துல ஒரு பைசா கட்டணம் கிடையாது. 2006ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு பண்ணின குறுந்தொழிலுக்கு எழுத்துல தேதி ஒத்துக்கிட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. எழுத்துல எதுவும் இல்லன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. புகாரை ஆன்லைன்லயே போடலாம், அதை விசாரிக்க மாநில அரசோட வசதியாக்கக் கவுன்சில் இருக்கு. வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே பதிவு முடிச்சிடுங்க. பணம் நின்ன பிறகு ஓடிப் போய் பதிவு பண்ணினா பிரயோஜனம் இருக்காது.

டெஸ்ட்டுன்னு சொல்லி முழு லோகோ, முழு ரீல்ஸ் ஃப்ரீயா கேட்டா கொடுக்காதீங்க. பழைய வேலையைக் காட்டுங்க, இல்ல சின்னதா ஒரு சாம்பிள் கொடுங்க. நம்ம கட்சிக்காரங்க பேனர் டிசைன் கேட்டாலும் இதேதான். பாசத்துல செய்றது வேற, தொழில் வேற. தொழிலா செஞ்சா பில் போடுங்க. இதை நிர்வாகிகள் முன்னாடியே சொல்றேன், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

மூணாவது கேள்வி: நான் செஞ்ச வேலை யாருக்குச் சொந்தம்?

1957ஆம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டம் இதுல தெளிவா இருக்கு. ஊழியரா வேலைக்காகச் செஞ்சது, வேற ஒப்பந்தம் இல்லன்னா, முதலாளிக்குச் சொந்தம். தனித் தொழிலா எழுதின கன்டென்ட்டோ, வரைஞ்ச கிராஃபிக்கோ பொதுவா உங்களுக்குத்தான் முதல்ல சொந்தம், நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வரைக்கும். ஆனா காசு வாங்கிட்டு எடுத்துக் கொடுத்த போட்டோ, படம் மாதிரி சிலது, வேற ஒப்பந்தம் இல்லன்னா, எடுக்கச் சொன்னவருக்குப் போயிடும். போட்டோ, வீடியோ பண்றவங்க இதைக் கவனிங்க. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம்னு போடலன்னா 5 வருஷம்னும், எந்த நாடுன்னு போடலன்னா இந்தியான்னும் சட்டம் எடுத்துக்கும்.

உரிமையைக் கொடுக்கவே கூடாதுன்னு சொல்லல. கிளையன்ட் காசு கொடுத்துக் கேக்குறாரு, கொடுக்கலாம். ஆனா ஒரு வரி கேட்டு வாங்குங்க: "வெளியான வேலையை என் போர்ட்ஃபோலியோவுல காட்டலாம்." அந்த வரி இல்லாம மூணு வருஷம் உழைச்சா, அடுத்த இடத்துல காட்ட கையில ஒண்ணும் இருக்காது.

இதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. திருச்சி வானொலி நிலையம் 1939ல ஆரம்பிச்சது. அங்க பாடினவங்க, வாசிச்சவங்க எத்தனையோ பேர் மாசச் சம்பளக்காரங்க கிடையாது. ஆடிஷன்ல தேறி, தரம் வாங்கி, நிகழ்ச்சிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கின கலைஞர்கள். என்ன நாள், எத்தனை மணி, எவ்வளவு தொகைன்னு காகிதம் முன்னாடியே கைக்கு வந்துடும். அந்தப் பழைய ஒழுங்கைத்தான் இன்னைக்கு நாம மெயில்ல கேக்குறோம்.

இன்னொரு பாடமும் இந்த ஊர்லயே இருக்கு. பெல் ஆர்டரை நம்பி துவாக்குடிப் பக்கம் எத்தனை ஃபேப்ரிகேஷன் யூனிட் வளர்ந்துச்சுன்னு நம்ம அப்பா, சித்தப்பாக்களுக்குத் தெரியும். வேலை நல்லா செஞ்சாங்க, தரத்துல குறையே இல்ல. ஆனா வாங்குறவர் ஒருத்தர். பெல்லுக்கு ஆர்டர் குறைஞ்சதும் அந்த யூனிட்டுங்கள்லயும் மெஷின் நின்னுச்சு. ஒரே ஏஜென்சியை நம்பி இருக்கிற டிசைனருக்கும் அதே கதிதான். முதல் வருஷம் ஒரே ஏஜென்சி பரவாயில்ல. அடுத்த வருஷத்துக்குள்ள இன்னொரு ஏஜென்சி, ரெண்டு நேரடி கிளையன்ட் சேர்த்துடுங்க. தில்லை நகர்ல ஒரு கிளினிக், சின்னக்கடைத் தெருவுல ஒரு ஜவுளிக்கடை, பக்கத்துல ஒரு ஸ்கூல்னு எதுவானாலும் சரி. ஏஜென்சி கொண்டு வந்த கிளையன்ட்டை மட்டும் ஒப்பந்தத்தை மீறி நேரா தொடாதீங்க. எத்தனை மாசம் தொடக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கும், படிங்க.

வீட்டுல குழந்தையைப் பார்த்துக்கிட்டே வேலை செய்ற அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்டுலதானே இருக்கீங்க"ன்னு சொல்லி ரேட்டைக் குறைக்கப் பார்ப்பாங்க. வேலை எங்க உக்காந்து செஞ்சாலும் வேலைதான். ஒத்துக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. ஒப்பந்தம் பத்துப் பக்கம் இங்கிலீஷ்ல வரும், படிக்க சோம்பலா இருக்கும், பயமாவும் இருக்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நம்ம பகுதி அலுவலகத்துக்கு எடுத்துட்டு வாங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்ல, உறுப்பினர் அட்டை கேக்க மாட்டோம். உக்காந்து வரிக்கு வரி சேர்ந்து படிப்போம். உத்யம் பதிவும் அங்கேயே பண்ணித் தர்றோம்.



கேள்வி இருந்தா கமென்ட்ல கேளுங்க. தெரிஞ்ச டிசைனர், எடிட்டர் தம்பி தங்கைகளுக்கு ஷேர் பண்ணுங்க.

#எடமலைப்பட்டிபுதூர் #திருச்சி #உழைப்புக்குக்கூலி