வாழையின் வரலாறு



இலையாயும் காயாயும் கனியாயும் நாள்தோறும் நம்முன் வருகின்ற வாழையைப் பற்றி ஒரு பிரசங்கம் எதற்கென்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்தாயினும் சிறிது கேட்குமாறு வேண்டுகின்றோம்.

ஆதியில் வாழைக்கனி எளிதில் உண்ணத்தக்கதாயிருக்கவில்லை. காட்டுவாழையின் கனியினுள் கல்லொத்த விதைகளே நிறைந்திருக்கும், சதை சொற்பம். தற்செயலாய் விதையின்றித் தோன்றிய மரங்களை மனிதர் தெரிந்தெடுத்து, அவற்றின் பக்கக் கன்றுகளைப் பெயர்த்து நட்டு வளர்த்தனர். நியூகினித் தீவின் மலைநாட்டில், கூக் என்னும் சதுப்பு நிலத்தில், ஏறக்குறைய 7,000 ஆண்டுகட்கு முன்னரே வாழை பயிரிடப்பட்டமைக்கு அடையாளங்கள் அகப்பட்டுள்ளன. பிற்காலத்தே அது ஆப்பிரிக்காவையும் எட்டிற்று; உகாண்டா நாட்டாரிற் பலர்க்கு வேகவைத்த வாழைக்காயே இன்றும் சோற்றின் ஸ்தானத்தில் உள்ளது.

விதையின்மை நமக்கு இனிமை. வாழைக்கோ அதுவே கேடு. கன்று தாயின் மறுபதிப்பேயாதலால், ஒரு மரத்தைக் கொல்லும் நோய் அவ்வினம் முழுவதையும் கொல்லவல்லது. இதற்கு மத்திய அமெரிக்காவே சாட்சி. அங்கே ஏற்றுமதிக் கம்பெனியார் காடுகளை அழித்து, ‘குரோ மிஷேல்’ என்னும் ஓரினத்தையே கண்ணுக்கெட்டிய தூரம் நட்டனர். பனாமா வாடல் என்னும் நோய் புகுந்தது. அதனை விளைவிக்கும் பூஞ்சணம் பல்லாண்டுகள் மண்ணிலேயே கிடப்பது, மருந்துக்கு அடங்காதது. தோட்டந் தோட்டமாய் வாழைகள் மடிந்தன. 1960-ஆம் ஆண்டையொட்டி அவ்வினத்தைக் கைவிட்டு, அந்நோயைத் தாங்கவல்ல ‘காவெண்டிஷ்’ இனத்திற்கு மாறினர். நம் கடைகளில் ‘ஜி-9’ என்று விற்பதும் அதனைச் சேர்ந்ததே. பட்டவர் பாடம் கற்றனரோ? மீண்டும் ஓரினமே! இப்பொழுது அப்பூஞ்சணத்தின் வேறொரு வகை காவெண்டிஷையும் கொல்லுகின்றது. 2019-இல் அது கொலம்பியாவிற் காணப்பட்டது. நம் தேசத்தில் பீகாரிலும் புகுந்துவிட்டது.

நம் பக்கத்திலோ பூவன், மொந்தன், ரஸ்தாளி, பேயன், நேந்திரன், கற்பூரவல்லி, செவ்வாழை, மட்டி என எத்துணை இனங்கள்! பழைய வாடல் ரஸ்தாளியை எளிதிற் பற்றும். அருகில் நிற்கும் பூவனோ தாங்கி நிற்கும். திருச்சிராப்பள்ளியில் 1993-இல் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வினங்களைச் சேகரித்துப் பேணி வருகின்றனர். ஆயினும் ஆராய்ச்சித் தோட்டத்தில் நிற்பது வேறு, அடுக்களைக்கு வருவது வேறு. பார்வைக்கு அழகென்று நம் வீட்டு விசேஷங்களுக்கும் ஜி-9 தாரையே நாம் வாங்கிவருகின்றோம்; வாங்குவாரற்ற இனத்தை எக்குடியானவர் நடுவார்?

ஆதலின், கொல்லையில் பழைய இனம் வைத்திருப்போர் அடுத்த கூட்டத்திற்குக் கன்று கொணர்ந்து பிறருக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். வாடல் கண்ட தோட்டத்துக் கன்று வேண்டா. மற்றவற்றையும் கிழங்கிலுள்ள மண்ணை அவ்விடத்திலேயே நன்கு கழுவிவிட்டுக் கொணர்க.